வில்லங்கத்தில் வராத அறை

என் உயிர்த் தோழன் சூசைக்கு,

இன்று கல்லறைத் திருநாள். தெரசாவும் உன் அக்காவும் காலைப் பூசை முடிந்த கையோடு மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவும் வாங்கிக்கொண்டு உன்னிடம் வந்திருப்பார்கள். நீ என்னைத் தேடியிருப்பாய். நான் வரவில்லை. போன வருடமும் வரவில்லை. வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வீடு என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ கட்டியது. நீ எனக்கு விற்றது.

பங்குக் கோயில் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சாமியார் கேட்டார். உங்களைவிட அவரை அறிந்தவர் யார் இருக்கிறார் என்றார். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வருவது இதுதான். அச்சில் போட்டால் போடட்டும், கிழித்துப் போட்டால் போடட்டும். வீடு வாங்க நினைக்கிற ஒருவனாவது படித்தால் போதும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் வாத்தியார்கள். நீ கணக்கு, நான் தமிழ். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் சேர்ந்த புதிதிலேயே நீ என்னை மாப்ளே என்றாய், நான் உன்னை மச்சான் என்றேன். உன் அக்கா ரோசம்மாள் கொடுத்துவிடும் கருவாட்டுக் குழம்பை நான் தின்றேன். என் மனைவி தெரசா கட்டித் தரும் தயிர்ச் சோற்றை நீ தின்றாய். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அக்காதான் உனக்குச் சமைத்துப் போட்டார். அவருடைய நகைகளைப் போட்டு, உன் சம்பளத்தையும் சேர்த்து, ஸ்டேஷனுக்குக் கிழக்கே நீ ஒரு ஓட்டு வீடு கட்டியிருந்தாய். அதன் புதுமனைப் புகுவிழாவுக்குச் சுண்ணாம்பு வாடை போகாத சுவரில் சாய்ந்து நாம் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கிறதா?

நான் அப்போது வளவு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒரே வரிசையில் எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு. தெரசா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் கண்ணயர முடியாது. பக்கத்துக் குடித்தனத்தில் உலக்கைச் சத்தம். வாடகையை வீட்டுக்காரர் நினைத்தபோதெல்லாம் ஏற்றினார். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. எம். புதுப்பட்டியில் என் அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. தம்பி வீட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு இருந்த இடம் அவ்வளவுதான்.

அப்பாதான் முதலில் வீட்டுப் பேச்சை எடுத்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து, கடைசியில் ஒரு துண்டுக் கரிசல் நிலம் வாங்கியவர் அவர். அதை விற்றுத் தருகிறேன் என்றார். "எனக்கு ஒரு கட்டிலும், தடவிப் போக ஒரு சுவரும் இருந்தாப் போதும்ல. மிச்சமெல்லாம் ஒம் பிள்ளைகளுக்கு." வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

புதுக் காசு வந்து ஜனங்கள் அணாவுக்கும் பைசாவுக்கும் தடுமாறிக்கொண்டிருந்த சமயம் அது. தெரசா தடுமாறவில்லை. என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும்: எதையும் அது முடிகிற இடம்வரை யோசிப்பாள். வீட்டு விலையைப் பேசுவதற்கு முன்னாலேயே மற்றதையெல்லாம் யோசித்துவிட்டாள். விலை நம்மை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், உள்ளே போய் உட்காரத் தனிப் பணம் வேண்டும் என்பாள். ஸ்டாம்பு பேப்பருக்கு, பதிவுக் கட்டணத்துக்கு, பத்திரம் எழுதுகிறவருக்கு, வில்லங்கம் பார்ப்பதற்கு, முனிசிபாலிட்டி வரி பாக்கி இருந்தால் அதற்கு, ஓடு மாற்ற, வெள்ளையடிக்க, கிணற்றுக்கு உருளை போட, வண்டிக் கூலிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒதுக்கினாள். எல்லாம் போக, யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டு அதற்கும் ஒதுக்கினாள். அப்படிப் பார்த்தபோது நாங்கள் வாங்க நினைத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின. விலைக்குப் பணம் இருந்தது, வீட்டுக்கு இல்லை.

அப்போதுதான் நீ வந்தாய்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னாய். தாயில்பட்டிப் பக்கம் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பட்டாசுக் கம்பெனி போடப் போகிறேன், வாத்தியார் வேலையை விடப் போகிறேன், வீட்டை விற்கப் போகிறேன், அந்நியனுக்குக் கொடுப்பதைவிட உனக்குக் கொடுக்கிறேன் என்றாய். நீ சொன்ன விலை மற்றவர்கள் சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு. நான் திகைத்துப்போய், ஏன் இவ்வளவு குறைக்கிறாய் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று சிரித்தாய். அன்று வீட்டுக்குப் போய் தெரசாவிடம் பெருமையோடு சொன்னேன். அந்தக் குறைப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா எங்கே போவார் என்று தெரசா கேட்டாள். முதல் கேள்வியே அதுதான். என்னோடு தாயில்பட்டிக்கு வந்துவிடுவாள் என்றாய். வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னபோது நீ கொஞ்சம் கோபித்துக்கொண்டாய். "எனக்கே வில்லங்கம் பாக்கியா தங்கச்சி?" என்றாய். அவள் அசரவில்லை. யாராக இருந்தாலும் பார்ப்பேன் அண்ணே என்றாள். பார்த்தோம். கடன் இல்லை, ஒத்தி இல்லை, வழக்கு இல்லை. சுத்தமான வீடு என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். ஆமாம், சுத்தம்தான். ரோசம்மாள் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

பதிவு செய்த நாளில் உன் அக்கா ஊரில் இல்லை. ஆலங்குளத்தில் உறவுக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அனுப்பியிருந்தாய். பின்பக்க அறை பூட்டியிருந்தது. தட்டுமுட்டுச் சாமான் கிடக்கிறது, ஒரு வாரத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றாய். அந்த அறைதான் அப்பாவுக்கு என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். புறவாசலும் கிணற்றடியும் கக்கூஸும் அதற்கு அடுத்துதான். கண் தெரியாத மனிதர் சுவரைத் தடவிக்கொண்டே போய்வரலாம். அதை நான் உன்னிடமே சொன்னேன். "நல்ல யோசனைலே" என்றாய். நினைவிருக்கிறதா சூசை? என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாய்.

நாங்கள் குடிவந்து சில நாளில், ஒரு மத்தியான வேளையில், உன் அக்கா புறவாசல் வழியாக ஒரு மூட்டையோடு வந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார், பின்னறையைத் திறந்தார், பாயை உதறிப் போட்டார். தெரசாவைப் பார்த்து, வெயில் எம்புட்டு அடிக்கு பாத்தியா என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனார். தெரசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தாயில்பட்டிக்கு உன்னிடம் வந்தேன்.

கம்பெனி ஷெட்டில் தங்க இடம் இல்லை, வெடிமருந்துக்குப் பக்கத்தில் அவளை எப்படி வைத்துக்கொள்வது, அங்கே ஒரு வீடு பிடிக்கும்வரை பொறுத்துக்கொள் என்றாய். இந்த சீசன் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாய். பிறகு இன்னொன்றும் கேட்டாய். "அவ நகையப் போட்டுக் கட்டுன வீடுலே. வித்துட்டேன்னு அவ காதுல விழுந்தா மனசு ஒடஞ்சிருவா. அந்தப் பேச்ச மட்டும் அவ முன்னால எடுக்காதீக." நான் தலையாட்டினேன். பாவம், ஆசையாகக் கட்டிய வீடு, அவருக்கு வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். விற்றது அவருக்குத் தெரியும், அதைப் பேசினால்தான் தாங்க மாட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நீ அப்படித்தான் எனக்குப் புரியவைத்தாய்.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? சொந்த வீட்டில் மறுபடியும் வாடகைக்கு இருந்தோம். தெரசா அடுப்பங்கரைச் சுவரை இடித்து ஜன்னல் வைக்க ஆள் கூட்டி வந்தாள். உன் அக்கா குறுக்கே வந்து நின்றார். இருக்க வந்தவர்கள் இருந்துவிட்டுப் போக வேண்டும், சுவரில் கைவைக்கக் கூடாது என்றார். கொத்தனார் எங்களைப் பார்த்தார். நான் உனக்குக் கொடுத்த வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருந்தது. தெரசா புகையில் இருமிக்கொண்டே சமைத்தாள்.

நான் உன் அக்காவை வெறுக்கத் தொடங்கினேன். திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன். விற்ற வீட்டில் ஓசியில் இருந்துகொண்டு அதிகாரமா என்று தெரசாவிடம் பொருமுவேன். அந்த வெறுப்பும் நீ எனக்கு விற்ற சாமான்களில் ஒன்று சூசை. ஒன்றும் அறியாத ஒரு மனுஷியை வருடக்கணக்காக வெறுக்க வைத்தாய்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிலத்தை விற்ற பிறகு அவர் ஒவ்வொரு சந்தை நாளிலும் விருதுநகருக்கு வருகிறவர்களிடம் சொல்லியனுப்புவார்: அறை காலியாயிற்றா என்று. நான் இதோ, அதோ என்று பதில் அனுப்பினேன். கடைசியில் மனசு கேட்காமல் ஒரு கோடை விடுமுறையில் போய் அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். முன்கூடத்தில் கட்டில் போட்டோம். வந்த அன்று சந்தோஷமாகத்தான் இருந்தார். கதவு நிலையைத் தடவிப் பார்த்தார், தூணைத் தடவிப் பார்த்தார், நல்ல தேக்கா என்று கேட்டார். என் நிலம் இங்கேதான் நிற்கிறது என்று என் மூத்த மகளிடம் சொன்னார்.

ஆனால் அடுப்பங்கரை வழியே போகிற படிகளில் அவரால் இறங்க முடியாது; புறவாசலுக்குப் போக வேண்டுமென்றால் உன் அக்காவின் அறைக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்த வீட்டை நீ அப்படித்தான் கட்டியிருந்தாய். ஒவ்வொரு முறையும் அவர் கதவருகே நின்று தொண்டையைச் செருமுவார். உன் அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வழிவிடுவார். பல சமயம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் போவார். அதுதான் அப்பாவால் தாங்க முடியவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். ஒருநாள் யாரையும் கூப்பிடாமல் தானே போகப் பார்த்து, கிணற்றடிக் கல்லில் இடறி விழுந்தார். தெரசா முழங்காலுக்குக் கட்டுப் போடும்போது என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

"என்னைய ஊர்ல கொண்டுபோய் விட்ருய்யா. அது ஒரு பொம்பளப் பிள்ள இருக்கிற அறை. நான் அதுல புகுந்து புகுந்து போறது நல்லாருக்காது."

கொண்டுபோய் விட்டேன். அதே தாழ்வாரம், அதே மாட்டு மூத்திர வாடை. மழைக்காலத்தில் மார்ச்சளி கட்டியது. ஆள் வந்து சொல்லி நானும் தெரசாவும் மருந்தோடு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. என் வீட்டுக்கு முக்கால்வாசி விலை கொடுத்தவர் அவர். அதில் ஒரு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. தெரசா எதையெல்லாமோ யோசித்து ஒதுக்கினாளே, இதற்கு எதிலிருந்து எடுத்து ஒதுக்குவது? நீ கணக்கு வாத்தியார். நீ சொல்.

அடக்கத்துக்கு நீ வந்தாய். வெள்ளை வேட்டியில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. மண் போட்டாய். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் அக்காவைக் கண்டிப்பாகக் கூட்டிப் போய்விடுகிறேன் என்றாய். நான் கையை உருவிக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் கம்பெனிப் பக்கம் நான் வரவில்லை. நீ கொடுத்தனுப்பிய தீபாவளிப் பட்டாசை என் பிள்ளைகள் வெடிக்கவில்லை. மழையில் நனைந்த திண்ணையில் கிடந்து நமுத்துப் போயிற்று.

உன் கம்பெனி சங்கதி காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. முதல் இரண்டு சீசன் ஓடியது. பிறகு ஒரு வருடம் தீபாவளிக்கு முன்னால் விடாத மழை. வடக்கே கடனுக்குப் போன லோடுக்குப் பணம் வரவில்லை. கூட்டாளி பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். நீ ஆர்டர் தேடி அலைந்தாய், வெளியில் கண்டதைத் தின்றாய், குடிக்கவும் பழகினாய் என்றார்கள். மஞ்சள் காமாலை முற்றிய நிலையில் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது தெரசா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான்.

எனக்குச் சொல்லாமலேயே தெரசா உன்னைப் பார்த்துக்கொண்டாள். வாயில் தண்ணீர் விட்டாள், துணி மாற்றினாள். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தால் செய்ய மாட்டேனா என்றாள். நாலாம் நாள்தான் என்னை வரச் சொன்னாள். நான் வந்து நின்றபோது உன் கண் மஞ்சள் கிழங்காக இருந்தது. உன்னைத் திட்ட எத்தனையோ யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தனையும் மறந்துபோயிற்று.

நீ என்னிடம் பேசவில்லை. தெரசாவிடம்தான் பேசினாய்.

"தங்கச்சி, அக்காவ வெளிய போகச் சொல்லிராதீக. அவளுக்கு நான் ஒத்திக்கு விட்ருக்கேன்னுதான் சொல்லிருக்கேன். மீட்டுருவேன்னு நம்பிட்டு இருக்கா."

எனக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. ஒத்தி என்றால் வாங்கிய பணத்துக்கு ஈடாக ஒருவரை வீட்டில் இருக்க விடுவது, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் காலி செய்துகொண்டு போய்விடுவார். உன் அக்கா இத்தனை வருடம் எங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறார். தன் வீட்டுச் சுவரைத்தான் அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்லே எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொல்லிருந்தா நீ வாங்கிருக்க மாட்ட."

"ஆமா. வாங்கிருக்க மாட்டேன்."

"அதான்லே மாப்ளே," என்றாய்.

நம் இருபது வருடச் சிநேகிதத்தில் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. மன்னித்துக்கொள் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். என் அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறதியா, இல்லை, வெட்கமா? இரண்டு நாளில் நீ போய்விட்டாய். சவப்பெட்டிக்கும் குழிக்கும் நாங்கள்தான் செலவு செய்தோம். அதைச் சொல்லிக்காட்டவில்லை, வேறு யாரும் இல்லை.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சாயங்காலம், உன் அக்கா முன்கூடத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காசை அவர் என்ன செய்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

"வாத்தியாரே," என்றார். "தம்பி போய்ட்டான். இனி நாந்தான் பாக்கணும். ஒத்திப் பணம் எம்புட்டுன்னு சொல்லுங்க. மொத்தமா இல்ல, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து மீட்டுக்கிடுதேன். நீங்க அவசரப்படாம வேற வீடு பாருங்க."

முடிச்சை அவிழ்க்கப் போனார். நான் அவிழ்க்க விடவில்லை. தெரசா உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ செய்ய வேண்டிய வேலையை நான் செய்தேன் சூசை. ஒத்தி இல்லை அக்கா, கிரயம், முழுவதுமாக விற்றுவிட்டான், அப்போதே பதிவாகிவிட்டது என்று சொன்னேன். நகை போட்ட மனுஷியிடம், பெட்டி ஒட்டிக் காய்ப்புக் காய்த்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் அழவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை. முடிச்சை மடியில் செருகிக்கொண்டு கேட்டார்:

"அப்ப இத்தன வருசமா நான் யாரு வீட்ல இருந்தேன்?"



மறுநாள் காலையில் புறவாசல் பெருக்கும் சத்தம் கேட்கவில்லை. தெரசா பின்னால் போய்ப் பார்த்திருக்கிறாள். உன் அக்கா கிணற்றடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாராம். இவளைப் பார்த்ததும், "தெரசா, ஒரு கொடம் தண்ணி எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாராம். அவர் நகையில் தோண்டிய கிணறு. தெரசா உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நீ செத்தபோது அவள் அப்படி அழவில்லை.

அதிலிருந்து எதற்கும் கேட்டார். விளக்கேற்றக் கேட்டார், கொடியில் துணி போடக் கேட்டார். என் பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டுவதையும் விட்டுவிட்டார். முன்பு அவர் அதிகாரம் எனக்கு முள்ளாகக் குத்தியது. இப்போது அந்தப் பணிவைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மூட்டையைக் கட்டிவிட்டார். தாயில்பட்டியில் கம்பெனிக்காரர்கள் யாராவது ஷெட் ஓரமாக இடம் கொடுப்பார்கள், திரி கட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றார்.

தெரசா வாசலை மறித்து நின்றுகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வாயால சொன்னா இவுக இருக்க மாட்டாக. வாய்ச்சொல்லப் பாத்தாச்சு. எழுதிக் குடுங்க," என்றாள்.

அப்படியே செய்தோம். உன் பத்திரம் பதிவான அதே ஆபீஸுக்கு உன் அக்காவை வண்டியில் கூட்டிப் போனோம். அவர் ஆயுள் உள்ளவரை பின்னறையும் அதற்கடுத்த தாழ்வாரமும் கிணற்று உரிமையும் அவருக்கு, எனக்குப் பிறகு என் பிள்ளைகளும் அவரை வெளியேற்றக் கூடாது என்று எழுதச் சொன்னேன். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொந்தமில்லை பந்தமில்லை, இது எதற்கு சார், நாளைக்கு விற்கப் போனால் ஒருவனும் வாங்க மாட்டானே என்றார். தெரியும் என்றேன். மறுபடியும் ஸ்டாம்பு பேப்பர், மறுபடியும் கட்டணம். உடம்புக்கு வந்தால் என்று தெரசா ஒதுக்கியிருந்ததில் மிச்சம் இருந்தது அதற்குப் போயிற்று.

உன் அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக, கட்டம் கட்டமாகப் போட்டார். உன் பத்திரத்தில் அந்தக் கையெழுத்துக்கு நீ இடம் விட்டிருந்தால் போதும். நாங்கள் மூன்று பேரும் வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்போம். நாலு பேர் என்று சொல்ல வேண்டும், அப்பாவும் உண்டு.

சாமியார் இதைக் கேள்விப்பட்டு, பெரிய மனசு என்றார். கோயிலில் நாலு பேர் காதுபட அதையே சொன்னார். பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை. நான் ஏன் எழுதிக் கொடுத்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். அதுவரை உன் அக்கா உன் வார்த்தையின்பேரில் என் வீட்டில் இருந்தார். உன் பொய்யின்பேரில் இருந்தார். நீ செத்த பிறகும் பின்னறையில் நீதான் குடியிருந்தாய். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உன்னைத்தான் வெளியேற்றினேன். இனி அவர் இருப்பது என் எழுத்தின்பேரில்.

ஊர்ச் செய்தி கேட்கிறாயா? அரிசி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு வந்த பையன் கணக்கை நன்றாகத்தான் நடத்துகிறான். என் மூத்தவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். தெரசாவுக்குக் காலில் வீக்கம். ராத்திரி டியூட்டியை விடச் சொன்னால் கேட்கவில்லை. உன் அக்கா இன்னமும் தீப்பெட்டி ஒட்டுகிறார். மாதம் பிறந்தால் தெரசாவின் கையில் ஏதாவது திணிக்கப் பார்க்கிறார். அவள் வாங்குவதில்லை. என்னோடு அதிகம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, உன்னால் ஏமாந்த இரண்டு பேர் என்ன பேசிக்கொள்ள முடியும்?

மதியம் அவர்கள் திரும்பி வந்ததும் நான் புதுப்பட்டி பஸ்ஸைப் பிடிப்பேன். அப்பாவின் கல்லறையில் புல் மண்டியிருக்கும், வெட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் எனக்கு இருக்கிற மெழுகுவர்த்தி அங்கேதான். உன்னிடம் வரவில்லை என்று வருத்தப்படாதே. வருத்தப்பட்டால் படு.

உன்னை மன்னித்துவிடும்படி சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முயற்சி செய்கிறேன் சாமி என்று அவரிடம் சொல்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முயற்சி செய்யவில்லை. உனக்கு நான் கொடுக்கக் கூடிய வாக்கு ஒன்றே ஒன்று: உன் அக்கா கண்ணை மூடும்வரை அந்த அறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அவருக்குப் பசி வராது, நோயில் தனியாகக் கிடக்க மாட்டார். போகும் நாளில் முன்வாசல் வழியாகத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போவேன். உனக்காக என்று மட்டும் நினைத்துவிடாதே.

வேறு யாரையும் மச்சான் என்று கூப்பிட வாய் வராத,
உன் மாப்பிள்ளை,
சவரிமுத்து